பன்வில சலூனில் பாதி சவரம்

பக்கத்து வீட்டுக்காரர் கொலையில் சந்தேகநபராகி, பிணையில் வந்திருப்பவன் நான். நாளை கண்டியில் வழக்கு. தாடியோடு போனால் அதையும் சாட்சியாக்கிவிடுவார்கள் என்று இன்று பன்வில சலூனுக்குப் போனேன்.

நுரை பூசி, ஒரு பக்கக் கன்னத்தைச் சிரைத்து முடித்து, புது பிளேடு போட்ட கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுவந்த பிறகுதான் சலூன்காரன் செல்வா குனிந்து கேட்டான்:

"அண்ணே, பயப்படாம உண்மையச் சொல்லுங்க. நீங்கதானே செஞ்சீங்க?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேப்பரை இறக்கினார்கள்.

"மொதல்ல கைய எடுடா!"

"பாத்தீங்களா, எப்பிடிக் கோவம் வருது!" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

அத்தனை பேரும் என் கண்ணில்தான் கொலைவெறியைத் தேடினார்கள். கத்தி யார் கையில் இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பாதித் தாடியோடு எழுந்து வந்துவிட்டேன்.

மீதியைச் சிரைக்க ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். கத்தியை எடுக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறவராக இருந்தால் நல்லது.