அதிகப்படி எடை

என் வீட்டுக்காரர் யாரையும் நம்ப மாட்டார். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அவர் பார்க்கும் வேலை அப்படி. சுமை லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் அவருக்கு உத்தியோகம். சுமையோடு வரும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து, காலியாகத் திரும்பும்போது திறந்துவிட்டுப் போகிறவன், கிளீனரைச் சாக்குகளுக்கு நடுவே படுக்கவைத்து எடை ஏற்றுகிறவன், ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல வானத்தைப் பார்க்கிறவன் என்று நாள் முழுக்க இந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மனுஷன்மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? எண் ஒழுங்காக வந்தாலும் “இன்னொரு தடவை ஏத்து” என்பார். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘இன்னொரு தடவை’தான்.

வீட்டிலும் அதே கதை. கடையில் எடை போட்டு வாங்கிய வெங்காயம் வீட்டில் மறுபடி எடை போடப்படும். முடிவெட்டுகிறவர் கண்ணாடியைக் காட்டினால், கண்ணாடி சரியான கண்ணாடிதானா என்று பார்ப்பார். எனக்குத் தலை வலிக்கிறது என்று படுத்தால் எந்தப் பக்கம் என்று கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடியும் கேட்பார், பக்கம் மாறுகிறதா என்று பார்க்க. கல்யாணமான புதிதில் அழுதேன். பிறகு சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர் உலகத்தில் நம்பிய ஒரே ஆள் என் அண்ணன். அண்ணனுக்கு டிங்கரிங் பட்டறை. அடிபட்ட கார்களின் நெளிசலை எடுத்து, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பான். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை இவருடைய எடைமேடைக்கு, விற்பதற்காகப் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. கைதவறி அண்ணனுக்குச் சாதகமாகக் கூட்டி எழுதிவிட்டார். பாதி வழி போன அண்ணன் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து, எனக்கு அதிகமாகப் போட்டுவிட்டீர்கள், திருத்துங்கள் என்றிருக்கிறான். இதில் என்ன சூது என்று இவர் வெகுநேரம் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் விசாரித்துக்கொண்டு பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து அல்ல, அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டீர்கள் என்று இன்றைக்கும் குத்திக்காட்டுவேன். அவர் மறுக்க மாட்டார்.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அந்த அண்ணன் ஒருவன்தான். அவனையும் இவருக்குப் பிடித்திருந்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் பிறந்த வருஷம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் அல்லாட வேண்டாம் என்று சொல்லி, அண்ணன் ஒரு பழைய காரைச் சரிசெய்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வெங்காயத்தை மறுபடி எடை போடுகிறவர் அந்தக் காரின் பானெட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகள் அந்தக் காரின் பின்சீட்டில்தான் வளர்ந்தாள்.

அந்தக் காரைத்தான் இந்த வருஷம் பிரித்துப்போட்டார்.

ஊருக்கு வெளியே, விமானம் எதுவும் இறங்காத பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாட்களில் அங்கே டிராக் ரேஸ் நடக்கும். இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்க்கோட்டில் பறக்க வேண்டியது, அவ்வளவுதான். திருப்பம் கிடையாது, தந்திரம் கிடையாது. வீட்டுக்கு ஓட்டுகிற சாதாரண கார்களுக்கென்று அதில் ஒரு தனிப் பிரிவு. லாரிக்காரர் ஒருவர் இவரை வேடிக்கை பார்க்க இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

“அங்க யாரும் யாரையும் ஏமாத்த முடியாதுடி” என்றார். “போர்டுல என்ன நேரம் விழுதோ அதுதான் பேச்சு.”

அவருக்குப் பிடித்துப்போனது வேகம் இல்லை என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்திருக்கிறார். நான் தடுக்கவில்லை.

எஞ்சினைப் பெரிதாக்க நம்மிடம் வசதி இல்லை. வேண்டாத எடையைக் கழற்றிப் போட்டால் அதே எஞ்சின் இன்னும் வேகமாக இழுக்கும், அதற்கு ஸ்பேனர் போதும் என்றார். முதலில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறங்கின. பின்சீட்டு இறங்கி எங்கள் கூடத்துக்கு சோபாவானது. பிறகு கதவுகளின் உள்பலகை, ஸ்பீக்கர்கள், ஹீட்டர், கடைசியில் நான் உட்காரும் முன்சீட்டு. என்னையும் எடைக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, எப்போதோ சேர்த்தாகிவிட்டது என்றார்.

கழற்றிய ஒவ்வொன்றையும் எடை போட்டார். குளியலறையில் கிடந்த எடை மிஷினில் முதலில் தான் ஏறி நிற்பார், பிறகு சீட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். சீட்டு மறைப்பதால் காலடியில் இருக்கும் எண் அவருக்குத் தெரியாது. நான்தான் குனிந்து படித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவாரா? “சரியா பாத்தியா?” என்பார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார் என்பார். ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு கிலோ குறைத்துச் சொன்னேன், உடனே கண்டுபிடித்துவிட்டார்.

அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவினான். இருவரும் காருக்கடியில் படுத்துக்கொண்டு ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள். மாப்பிள்ளையின் தொப்பையைக் கழற்றினாலே இன்னும் வேகம் போகுமே என்று அண்ணன் சொன்னபோது நான்கூடத் துணியை உதறிக்கொண்டே சிரித்தேன்.

ஒருநாள் வேலைக்குப் போகும்போது வெறும் காரை எடைமேடையில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். மாலையில் வந்ததும் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தார். கம்பெனி கொடுத்த கையேட்டில் வண்டியின் எடை இருக்கிறது. அதிலிருந்து கழற்றிய சாமான்களைக் கழித்தால் ஓர் எண் வரவேண்டும். மேடையில் வந்த எண் அதைவிட மிக அதிகம்.

“என் கார்ல ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கான்” என்றார்.

முதலில் எடைமேடையைச் சந்தேகப்பட்டுச் சோதனைக் கற்களை ஏற்றிப் பார்த்தார். பிறகு கையேட்டைச் சந்தேகப்பட்டார். பிறகு எடை மிஷினை. அதன்பின் அதைப் படித்துச் சொன்ன என்னை. எல்லாவற்றையும் மறுபடி எடை போட்டோம், இரண்டு நாள் எனக்கு இடுப்பு நிமிரவில்லை. பெட்ரோல் பங்கில் கூடுதலாக ஊற்றிவிட்டானோ என்று மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மிச்சம் இருப்பது தரைதான் என்ற முடிவுக்கு வந்தார். கார்ப்பெட்டுக்கு அடியில், சத்தம் உள்ளே வராமலிருக்கத் தார் அட்டை ஒட்டியிருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அதை மட்டும் விட்டுடுங்க மாப்பிள்ளை. சுரண்டினா துருப் பிடிச்சிடும்” என்றான். இவர் விடாமல் கேட்கவும், அப்படியானால் பட்டறையில் கொண்டுவந்து விடுங்கள், நானே பதமாக எடுத்துத் தருகிறேன் என்றான். இவருக்கு ஏக சந்தோஷம். உங்கண்ணனுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று என்னிடம் பெருமைப்பட்டார்.

இரண்டு டீ குடிக்காமல் எங்கள் வீட்டிலிருந்து எழுந்திருக்காத அண்ணன் அன்றைக்கு நான் கொண்டுபோன டீயைத் தொடாமல் கிளம்பினான். வயிறு சரியில்லை என்றான். எனக்கு ஏதோ உறுத்தியது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டதோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பட்டறைக்கு விடும் நாள்வரை இவருக்குப் பொறுமை இல்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் என் ஹேர் டிரையரையும் சமையலறைச் சட்டுவத்தையும் எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறிவிட்டார். சூடு காட்டுவதும் சுரண்டுவதுமாகத் தார் வாசனை வீடு முழுக்க நிறைந்தது. சட்டுவத்தின் கதியை நினைத்து நான் உள்ளே புலம்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று சுரண்டும் சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றே இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

தரைத்தகட்டில் முன்சீட்டு இருந்த இடத்துக்குப் பின்னால், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை, துணியில் தையல் போட்டதுபோல ஒரு வெல்டு ஓடியது. அதற்கு முன்பக்கம் தகட்டின் பெயின்ட் சாம்பல், பின்பக்கம் நீலம். நடுவே பட்டைப் பட்டையாகத் தடித்த இரும்பு. எனக்குக் கார் சமாசாரம் தெரியாது, ஆனால் இது எனக்கே புரிந்தது. ஒரு காரின் முன்பாதியையும் இன்னொரு காரின் பின்பாதியையும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கேயாவது நன்றாக மோதியிருந்தால் அந்தக் கோட்டோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் மகள் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

அவர் வெல்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

எத்தனையோ விஷயத்தில் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார், சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன். இது அப்படியில்லை. எனக்குக் கோபம் வந்தது.

“தெரிஞ்சா என் பொண்ணைக் கொண்டுபோய் அந்த சீட்டுல உக்கார வச்சிருப்பேனா?” என்றேன். “வெங்காயத்தை எடை போட்டீங்களே, இதைப் பாத்தீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருக்கக் கூடாது என்று முணுமுணுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்து, ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகச் சொன்னார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அண்ணன் வந்தான். வாசலிலேயே தார் வாசனை அவன் மூக்கில் ஏறியிருக்க வேண்டும், நடை தயங்கியது. காருக்குள் எட்டிப் பார்த்தான், மண்டியிட்டான், வெல்டைத் தடவினான். அடப்பாவி என்று யாரையோ திட்டினான். காரைத் தனக்கு விற்றவன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டதாகச் சொன்னான். வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கத் தனக்குத் தோன்றவில்லை என்றான். தினமும் நாலு காரின் கார்ப்பெட்டைத் தூக்குகிறவன் அவன்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இதைவிட நல்ல கதைகளையெல்லாம் அவர் எடைமேடையில் கேட்டுக் கிழித்துப் போட்டிருக்கிறார். இப்போது கிழிப்பார், என் பிறந்த வீடு இன்றோடு முடிந்தது என்று காத்து நின்றேன்.

“அப்படித்தான் இருக்கும் மச்சான்” என்றார்.

அண்ணனுக்கு உயிர் வந்தது. நிம்மதியில் வாய் தன்னால் அவிழ்ந்துகொண்டது.

“ஆனா பயப்படாதீங்க மாப்பிள்ளை. ரெண்டு கதவுக்கும் கீழ இருக்கிற பெட்டிக்குள்ள ஆங்கிள் இரும்பு நீளத்துக்கு ஓடுது. லேசுல பிரியாது.”

கதவுகளுக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டிகள் இரண்டும் மூடிக் கிடந்தன. மேலே பூசிய பெயின்ட்கூட உரியவில்லை. அவற்றை யாரும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே இரும்பு ஓடுவது, வைத்தவனைத் தவிர இன்னொருவனுக்குத் தெரிய வழியில்லை.

என் வீட்டுக்காரரின் கண் சட்டென்று திரும்பியது. அண்ணன் பக்கம் இல்லை, என் பக்கம். எனக்குப் புரிந்துவிட்டதா என்று பார்த்தார். நான் குனிந்து தரையில் கிடந்த தார்த் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவர் பார்வையை எடுத்துக்கொண்டு, இனி இந்தக் காரை ரேஸுக்கு விட மாட்டார்கள், போகட்டும் மச்சான், அதற்கும் வயசாகிவிட்டது என்று வேறு ஏதேதோ பேசினார். எத்தனை மாதங்கள் அதைக் கட்டிக்கொண்டு அலைந்தவர்.

வைத்த இரும்பையெல்லாம் என்மேல் வைத்த பாசம் என்று எடுத்துக்கொள்வதா? தங்கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து முட்டுக் கொடுத்திருக்கிறான். அவ்வளவு பயம் இருந்தவன் அதை ஏன் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்? கேட்டால் சொல்லியிருப்பான். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

“வரேம்மா” என்று அண்ணன் கிளம்பினான். ‘போய்ட்டு வாண்ணே’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சரி” என்றேன். அவன் ஒரு நொடி நின்றுவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவர் என் எதிரே கூடத்தில் அந்தப் பின்சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

“பாவம், அவரையும் ஏமாத்திட்டாங்க” என்றார். “எனக்கு உங்கண்ணன்மேல எந்தச் சந்தேகமும் இல்ல.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

“எனக்கும் எந்தச் சந்தேகமும் இல்லங்க” என்றேன்.

இருவரும் சொன்னது ஒரே வாக்கியம்தான். அவர் சொன்னது எனக்காகச் சொன்ன பொய். நான் சொன்னது பொய் இல்லை, தெரிந்துபோனதில் சந்தேகம் ஏது?