கடைசிப் பயணி ஏறும் வரை

அவள் ஓட்டிய ரயில் ஒன்றுகூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. ஏழே நிலையங்கள் உள்ள சின்னப் பாதை. நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டிய ஓட்டம் அவள் கையில் இரண்டு மணி நேரம் இழுக்கும். கடைசி நிலையத்தில் கம்ப்யூட்டர் திரையில் மதிப்பெண் வரும். நூற்றுக்குப் பதினொன்று. ஒருநாள் ஒன்பது.

"பள்ளிக்கூடத்துலகூட நீ இவ்வளவு கம்மியா வாங்கியிருக்க மாட்டக்கா" என்று தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"பள்ளிக்கூடத்துல இதைவிட அதிகம்தான். ஆறாவதோட நின்னதால உனக்குத் தெரியல" என்பாள் அவள். வீட்டுக்குள் அவளுக்கு வாய் உண்டு. வாசலைத் தாண்டினால் அது எங்கே போகுமோ தெரியாது.

ஆறாவதோடு நின்றதற்குக் காரணம் இந்தத் தங்கைதான். அம்மா படுக்கையில் விழுந்தபோது தங்கைக்கு மூன்று வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. தங்கை படித்தாள். கண் மருத்துவமனையில் வருகிறவர்களின் பெயரைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறாள். அக்கா, ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக இஸ்திரிப் பகுதியில் இருக்கிறாள்.

அங்கே கையால் தேய்ப்பதில்லை. சூடான பெரிய உருளை ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளை இவள் பிடிக்க, மற்ற இரண்டைக் கூட்டாளி பிடிக்க, இழுத்து நேராக்கி உள்ளே விட வேண்டும். கூட்டாளியை எல்லோரும் 'ரேடியோ' என்பார்கள். காலையில் ஆரம்பித்தால் மாலை வரை பேச்சு நிற்காது. இவளுக்கு வைத்த பெயர் 'வாயில்லாப் பூச்சி'. நாளடைவில் அதுவும் சுருங்கி வெறும் 'பூச்சி' ஆகிவிட்டது. வாய் இல்லாததற்கும் சேர்த்துக் கண் வேலை செய்தது. ஓடுகிற விரிப்பில் கடுகளவு கறை இருந்தாலும் கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்திவிடுவாள்.

ரயில் அவள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு விபத்தால். நீராவி பட்டு இடது மணிக்கட்டு வெந்துபோனது. மூன்று வாரம் வேலைக்கு வரக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். வீட்டில் சும்மா இருந்து பழக்கமில்லாதவள், இரண்டாம் நாளே ஒற்றைக் கையால் அலமாரியைக் கவிழ்த்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ? இந்தா, இதை ஓட்டு" என்று தங்கை, மருத்துவமனையில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரில் ரயில் சிமுலேட்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். நிஜ ரயில் மாதிரியே எல்லாம் இருக்கும். ஓட்டுநர் இருக்கையில் நாம்தான். வேகம் கூட்ட, நிறுத்த, கதவு திறக்க, ஊதல் ஊத ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். முதல் நாள் கட்டுப் போட்ட கை எந்தெந்தப் பொத்தானிலோ இடித்தது. என்னென்னவோ மாறியது. என்ன மாறியது என்று அவளுக்குத் தெரியாது. அதற்குமுன் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே!

ஓட்டுவது வரவில்லை. பார்ப்பது வந்தது. நிலையத்தில் நிற்கும்போது சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மாடு கழுத்து வரை நடைமேடைக்குள் புதைந்து நின்று, நிம்மதியாக அசை போட்டது. பெருக்குகிற ஆள் இல்லாமலே ஒரு துடைப்பம் தனியாகப் பெருக்கிக்கொண்டு போனது. வெயில் கொளுத்தும் பகலில் பன்னிரண்டு பேர் குடை பிடித்து வரிசையாக நின்றார்கள். விளையாட்டைச் செய்தவர்களின் கை தவறிய இடங்கள் அவை. அவளுக்கோ அவை எல்லாம் யாரோ தனக்காக ஒளித்து வைத்தவை போலிருந்தன.

இதைக் கேட்ட தங்கை, அந்த விளையாட்டை ஆடுகிறவர்களின் குரூப் ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டாள். அங்கே ஒவ்வொரு திங்களும் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். 'மழையில் நின்ற ரயில்', 'பாலத்துக்கு அடியில்', 'யாரும் ஏறாத பெட்டி' என்று. அதற்கு ஏற்ற காட்சியைத் தேடி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் போட வேண்டும். ஒரே ஒரு விதி. திரையில் கண்டதை அப்படியே போட வேண்டும். ஒட்டுவேலை கூடாது.

அவள் பெயர் அங்கே 'பயணி 47'. விளையாட்டு தானாகக் கொடுத்த பெயர். படத்தைப் போடுவாள், ஒரு வார்த்தை எழுத மாட்டாள். எழுதினால் தப்பாகிவிடுமோ, சிரித்துவிடுவார்களோ என்ற பயம். கை ஆறி வேலைக்குத் திரும்பி நாலு மாதம் ஆன பிறகும், மாலையில் வந்ததும் முகம் கழுவிவிட்டு நேராக அந்த நாற்காலிக்குத்தான் போவாள். "இதை எங்க பிடிச்சீங்க தலைவா?" என்று எவரோ கேட்டிருப்பார்கள். "பயணி ப்ரோ கண்ணு கழுகுக் கண்ணு" என்று ஒருவர். அவள் கண்ணில் பட்டதை, 'எங்கே, காட்டு' என்று கேட்ட முதல் இடம் அதுதான்.

அந்த வாரத் தலைப்பு, 'நடக்கக் கூடாதது'.

அவள் போட்ட படத்தில், பாதையிலேயே மிகச் சின்ன நிலையம் ஒன்று. நடைமேடை கொள்ளாமல் நாற்பது பேர். அவளுடைய ரயிலுக்குப் பின்னால் மூன்று ரயில்கள் மூக்கும் வாலும் முட்ட நின்றன. நடைமேடை முடிந்த இடத்தைத் தாண்டி, கையில் பெட்டியுடன் ஒரு பெரியவர் வெறும் காற்றில் நடந்து வந்துகொண்டிருந்தார். முகத்தில் துளிப் பதற்றம் இல்லை.

குரூப்பே ஆடிப் போனது. ஆனால் அதை நடத்துகிறவர் ஆடவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று வண்டியைக் கவனிக்கும் 'கார்டு' என்று பெயர் வைத்துக்கொண்டவர். பன்னிரண்டு வருடமாக ரயில் ஓட்டும் விளையாட்டிலேயே ஊறியவர், கறாரானவர். அவர் எழுதினார்: 'அந்த நிலையத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏறி நான் பார்த்ததில்லை. நாற்பது பேர் வர வழியே இல்லை. இது ஒட்டுவேலை. ஞாயிறு மதியம் குரல் அழைப்பில் எல்லோரும் இருப்போம். பயணி 47 வந்து எப்படி எடுத்தார் என்று காட்டட்டும். இல்லையென்றால் குரூப்பிலிருந்து நீக்கப்படுவார்.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் வேலையில் விரிப்பு கோணலாக உள்ளே போனது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. ரேடியோ பேச்சை நிறுத்தினாள். அதுவும் முதல் தடவைதான்.

"என்னடி பூச்சி, உடம்பு சரியில்லையா?"

சொன்னாள். ரேடியோவுக்குப் பாதி புரியவில்லை.

"ரயில் நிஜமா?"

"இல்லக்கா. பொம்மை மாதிரி."

"ஆளுங்க?"

"ஆளுங்க நிஜம்."

"அப்ப போய்ப் பேசுடி. கறை உன் துணியில இல்லன்னு உனக்குத் தெரியும்ல? இயந்திரத்தை நிறுத்துறதுக்குக் கையைத் தூக்குறியே, அதே மாதிரி தூக்கிட்டுப் பேசு."

ஞாயிறு மதியம் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு, "நான் பேசட்டுமாக்கா?" என்று கேட்டாள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அழைப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். காதுக்குள் யாரோ இருமினார்கள், எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது.

"பயணி தம்பி, இருக்கீங்களா?" கார்டின் குரல்.

"இருக்கேண்ணா."

பெண் குரலைக் கேட்டதும் எவரோ, "ஐயையோ, அக்காவா!" என்றார். "இத்தனை நாளா ப்ரோ ப்ரோன்னு கூப்பிட்டேனே, அக்கா மன்னிச்சிருங்க!"

சிரிப்பு அடங்கியதும் கார்டு கேட்டார். "சரிங்க மேடம், அந்தப் படத்தை எப்படி எடுத்தீங்க?"

"நின்னேன்."

"நின்னீங்கன்னா?"

"கதவைத் திறந்து வச்சுட்டு நின்னேண்ணா. எல்லாரும் ஏறட்டும்னு."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணிக்கு மேல இருக்கும். வந்துக்கிட்டே இருந்தாங்க."

கார்டு பெருமூச்சு விட்டார். தன் திரையை எல்லோருக்கும் தெரியும்படி வைத்து, அதே நிலையத்தில் ரயிலை நிறுத்தி, கதவைத் திறந்தார். இரண்டு பேர் ஏறினார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அரை மணி நேரம். நடைமேடை துடைத்து வைத்தது போல் கிடந்தது.

"பாத்தீங்களா? யாரும் வரல" என்றார் கார்டு. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. தங்கை அவள் தோளைத் தொட்டாள். அழைப்பிலிருந்து வெளியேறும் சிவப்புப் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓட்டுநரின் ஜன்னலுக்கு வெளியே, பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடி. அதில் பெட்டிகளின் பக்கச் சுவர் விரல் நீளத்துக்குத் தெரிந்தது. வழவழவென்று ஒரே நேர்கோடு.

"அண்ணா" என்றாள். தன்னை அறியாமல் கை உயர்ந்திருந்தது. "உங்க கதவு மூடியிருக்கு."

"நான் மூடலையே."

"கண்ணாடில பாருங்க. அது தானா மூடிக்கிச்சு."

கார்டு முன்னால் குனிந்திருக்க வேண்டும், நாற்காலி கிரீச்சிட்டது. ஏதேதோ பட்டியல்களைத் திறந்தார், மூடினார். கடைசியில் ஒன்றில் நின்றார். ஒரு நிமிடத்தில் கதவு தானாக மூடும் ஏற்பாடு; மூடிவிட்டால் புதிதாக யாரும் வர மாட்டார்கள். விளையாட்டை வாங்கும்போதே அப்படித்தான் வருமாம். அவளுடையதில் அது அணைந்திருந்தது. கட்டுப் போட்ட கை செய்த வேலை.

"பன்னெண்டு வருஷமா ஓட்டுறேன்" என்றார் கார்டு மெதுவாக. "ஒரு நாளும் கதவைத் திரும்பிப் பாத்ததில்ல."

"பேரு மட்டும் கார்டு!" என்று யாரோ சொல்ல, அவரும் சேர்ந்து சிரித்தார்.

அதை அணைத்துவிட்டு மறுபடி நிறுத்தினார். இந்த முறை எல்லோரும் அவரவர் வீட்டில் அதையே அணைத்து, அதே நிலையத்தில் ரயிலை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தார்கள். காத்திருக்கும்போது ஒருவர் கேட்டார். "அக்கா, சிக்னல் பச்சை விழுந்தப்புறமும் ஏன் நின்னீங்க? மார்க் போகுமே?"

"ஓடி வர்றாங்களே தம்பி. ஓடி வர்றவங்களை விட்டுட்டு எப்படிப் போறது?" சொல்லிவிட்டு, போதும் என்று நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. "எங்க கம்பெனி பஸ் டிரைவர் நான் தெருமுனை திரும்புற வரைக்கும் நிப்பாரு. கிளம்பிட்டாலும் என்னைப் பாத்தா நிறுத்துவாரு. திட்டுவாரு, 'மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சுதா'ன்னு. ஆனா ஒருநாளும் விட்டுட்டுப் போனதில்ல. ரயிலும் அப்படித்தான் போலன்னு நினைச்சேன்."

அந்தக் குரூப்பில் உண்மையாகவே ரயில் ஓட்டுகிறவர் ஒருவர் உண்டு. அதனால் அவரை 'நிஜம்' என்பார்கள். அதிகம் பேசாதவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"பத்தொன்பது வருஷமா, ஓடி வர்றவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே வண்டியை எடுக்கிறவன்மா நான். என்ன பண்றது, டைம்னு ஒண்ணு இருக்கே. இங்க வந்தும் அதே டைமுக்குத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். இங்க நிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

இருபதாவது நிமிடம் ஒருவர் கத்தினார். "வர்றாங்க, வர்றாங்க!" படிக்கட்டில் நாலு பேர், பிறகு எட்டுப் பேர். நடைமேடை நிரம்பியது. பின்னால் ஒரு ரயில் வந்து முட்டிக்கொண்டு நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. முப்பத்தைந்தாவது நிமிடம், கார்டின் திரையில், பெட்டியுடன் அந்தப் பெரியவர் நடைமேடை விளிம்பைத் தாண்டி நிதானமாகக் காற்றில் கால் வைத்தார். பதினோரு பேரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் தங்கை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

கார்டு சத்தம் அடங்கும் வரை பொறுத்திருந்தார். "மேடம், எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கிறேன். தப்பு என்மேல. நான் எழுதினதை அழிக்கல. அதுக்குக் கீழேயே இதையும் எழுதுறேன்."

"பரவால்லண்ணா" என்றாள். அது போதவில்லை என்று பட்டது. "நீங்க எல்லாரும் நின்னு பாத்தீங்களே. அதுக்கு நன்றிண்ணா."

"அடுத்த வாரத் தலைப்பு நீங்களே சொல்லுங்களேன்" என்றார் அவர்.

அவள் காது மடல் சூடாயிற்று. "இன்னைக்கு இவ்வளவு பேசினதே போதும். நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"தாராளமா" என்றார் கார்டு.

பேச்சு வேறெங்கோ போனது. நிஜம் ஒருமுறை தன் வண்டிக்குள் ஆடு ஏறிவிட்ட கதையைச் சொன்னார். ஒருவர் நம்ப மறுத்தார், ஒருவர் ஆட்டின் நிறத்தைக் கேட்டார். அவள் காலை மடக்கி நாற்காலியில் ஏற்றி உட்கார்ந்து, கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அது நீண்டது. அவள் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.