மொட்டை மாடியிலிருந்து சொன்ன ‘ஆமாங்க’

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் டிஷ் மாட்டுவது, பழுது பார்ப்பது, ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. பன்னிரண்டு வருடமாக இதே வேலை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஷட்டர், ஒரு மேஜை, பழைய செட்டாப் பாக்ஸ்கள் அடுக்கிய ஓர் அலமாரி, அவ்வளவுதான். பாதி நாள் அதுவும் பூட்டித்தான் கிடக்கும். நான் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருப்பேன்.

ஆடி பிறந்துவிட்டால் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அடிக்கிற காற்றில் டிஷ் ஒரு விரல்கடை நகர்ந்தாலே போதும், படம் போய்விடும். காலையில் பல் தேய்க்கும்போதே போன் ஆரம்பிக்கும். கம்பெனிக்கு என்று ஒரு நம்பர் உண்டு, செட்டாப் பொட்டிக்குப் பின்னாலேயே ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு யாரும் போன் செய்து நான் பார்த்ததில்லை. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது சொல்வதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? டிஷ்காரரைக் கூப்பிட்டால் ஆயிற்று. ரிமோட்டுக்கு எந்த பேட்டரி போடலாம் என்பதில் தொடங்கி, டி.வி.யில் வந்த விளம்பரம் நிஜமா பொய்யா என்பது வரை என்னிடம்தான் கேட்பார்கள்.

எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நாலு ஊரில் நம்புகிறார்கள் என்றால் சும்மாவா? என் மனைவிக்கு மட்டும் அதில் பெரிய மதிப்பில்லை. ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறீர்களே, நம் வீட்டு டி.வி. மூன்று நாளாகக் கட்டம் கட்டமாக ஓடுகிறதே, அதை எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அன்றைக்கு மகுடஞ்சாவடியில் ஒரு மாடி வீட்டில் இருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. இடது கையில் டிஷ், வலது கையில் ஸ்பேனர். கீழே வீட்டுக்காரர் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டு, வந்துவிட்டது, போய்விட்டது, மறுபடியும் வந்துவிட்டது என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அக்காவிடமிருந்து போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவர்லூம் பட்டறை ஒன்றில் கூலிக்குத் தறி ஓட்டிச் சேலை நெய்கிறவர். அவர் கணவர் போர்வெல் வண்டியில் வடக்கே போனால் வருடத்துக்கு இரண்டு தடவைதான் ஊர்ப்பக்கம் வருவார். வீடு, வரவு செலவு, நல்லது கெட்டது எல்லாம் அக்காதான். எட்டு வருடமாக எனக்கு வாடிக்கை. அதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, வீட்டுப் பின்பக்கம் இருக்கிற டிஷ்ஷை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றார். அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, சொந்தமாக இரண்டு தறி இறக்கப் போகிறாராம். பழைய தறிதான், ஆனால் நல்ல ஓட்டத்தில் இருப்பது. பணம் முழுக்கச் சேர்ந்து பேங்கில் இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அதைக் கைமாற்றிவிட்டால் தறி அவருடையது. “கூலிக்கு ஓட்டுனது போதுமுங்க தம்பி” என்று அவர் சொன்னபோது, வழக்கமாக அதிகம் சிரிக்காத அந்த முகம் நன்றாகச் சிரித்தது.

அன்று போனில் அவர் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்களாம், பழைய பொட்டியை மாற்றிப் புதிதாக எச்.டி. பொட்டி தருகிறார்களாம், செய்யலாமா என்று கேட்டார். அந்தச் சமயத்தில் கம்பெனி பழைய பொட்டிகளை மாற்றிக்கொண்டிருந்தது உண்மைதான். நானே ஏழெட்டு வீட்டில் மாற்றியிருந்தேன். கீழேயிருந்து வீட்டுக்காரர் வந்துவிட்டது என்று கத்தினார். படம் மறுபடி போவதற்குள் போல்ட்டை முடுக்கியாக வேண்டும். “ஆமாங்க அக்கா, மாத்துறாங்க, பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். வைக்கிற நேரத்தில் அவர் ஒரு ரூபாய் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தது கேட்டது. மொத்தம் அரை நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

வேலை முடிந்து இறங்கி, மெயின் ரோட்டில் இருக்கும் பேக்கரியில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். புது நம்பரிலிருந்து ஒரு போன். ஒரு பையன் குரல், நல்ல தெளிவான பட்டணத்துத் தமிழ். சார், உங்கள் செட்டாப் பாக்ஸ் பழைய மாடல், இன்று சாயங்காலத்தோடு எல்லா சேனலும் நின்றுவிடும், இலவசமாக எச்.டி. பாக்ஸ் தருகிறோம், சரிபார்ப்பதற்கு ஒரு ரூபாய் மட்டும் கட்டினால் போதும், லிங்க் அனுப்புகிறேன் என்றான். டிஷ்காரனுக்கே டிஷ் விற்கிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ மாஸ்டரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

அவனை லேசில் விடுவதாக இல்லை. என்னிடம் இருப்பது எந்தப் பொட்டி, எந்த வருடம் வாங்கியது, பொட்டிக்குள் இருக்கும் கார்டில் கடைசி நாலு எண் என்ன, ஆளை எந்த ஊரிலிருந்து அனுப்புவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் சளைக்காமல் ஏதேதோ அளந்தான். கடையில் நின்றிருந்த நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் அந்தக் கூத்து ஓடியது. கடைசியாக நான், “எங்க ஊரு டீலரக் கேக்காம நான் எதும் பண்றதில்லீங்களே” என்றேன்.

“உங்க ஏரியா டீலர்கிட்ட ஆல்ரெடி பேசிட்டோம் சார். அவரு ஓகே சொல்லிட்டாரு” என்றான்.

கடையே சிரித்தது. நானும் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அந்த டீலர் நான்தான், ஓகே சொல்லித்தானே இருக்கிறேன்! காலையில், மாடியில் நின்றுகொண்டு, அந்த அக்காவிடம். பாதியில் வெட்டிய அந்த ஒரு ரூபாய் அப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது.

ஒரு ரூபாய் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவர்களுக்கு வேண்டியதும் அந்த ஒரு ரூபாய் கிடையாது. லிங்க்கைத் திறந்து, கார்டு நம்பரைப் போட்டு, செல்லுக்கு வரும் ரகசிய எண்ணையும் சொல்லிவிட்டால், பேங்கில் இருப்பதை மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விடுவார்கள். வாடிக்கையாளர்களுக்கு இதைப் பற்றி நானே எத்தனையோ தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். ஐந்தாறு தடவை. பட்டறையில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே காதில் விழாது, ஜன்னல் திட்டில் வைத்த போன் அடிப்பதா கேட்கும்? டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த வழியில் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் பணம் போயிருக்குமோ என்ற நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது. என் பெயர் என்னாகும், நாலு ஊரில் யார் இனி என்னை நம்புவார்கள் என்பதுதான் முதலில் வந்தது. போதாததற்கு, நான் பொட்டி மாற்றுவதைப் பற்றித்தானே சொன்னேன், பணம் கட்டச் சொல்லவில்லையே என்று ஒரு சமாதானத்தையும் தயார் செய்துவிட்டேன். பாதி வழியில்தான் அந்த இரண்டு தறியும், தகரக் கொட்டகையும், அக்காவின் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. அதன் பிறகு அந்தச் சமாதானம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். எட்டுத் தறி ஓடுகிற சத்தம். அக்கா கடைசி இரண்டு தறிக்கு நடுவில் நின்றிருந்தார். கையைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு வெளியே வந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. அந்த ஒரு ரூபாயைக் கட்டிவிட்டாரா என்று கேட்டேன்.

“இல்லீங்க தம்பி. இன்னும் கட்டல.”

வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை. காலையில் அவரிடம் பேசியவன் மறுபடி மூன்று தடவை கூப்பிட்டானாம். எங்கள் டிஷ்காரர் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். கடைசித் தடவை அவன் கோபமாகப் பேசவே, போனை ஜன்னலில் வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டாராம்.

எதற்கும் முழுதாகத் தெரிந்துகொள்வோம் என்று, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் பேசினார். இந்த இணைப்புக்கு இன்று யாராவது கூப்பிட்டீர்களா, இந்தப் பொட்டி மாற்றும் பட்டியலில் இருக்கிறதா, மாற்றுவதாக இருந்தால் யார் வருவார்கள், லிங்க் அனுப்பிப் பணம் கேட்பது உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டேன். யாரும் கூப்பிடவில்லை, அந்தப் பொட்டி பட்டியலிலேயே இல்லை, லிங்க் அனுப்பும் வழக்கமும் கிடையாது என்றார் அந்தப் பெண். அக்காவுக்கு வந்த நம்பரையும் எனக்கு வந்த நம்பரையும் சைபர் குற்றப் பிரிவுக்குப் புகாராகவும் சொல்லி வைத்தேன். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் எனக்கு ஒன்று புரியவில்லை. நான்தான் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேனே, அப்புறம் ஏன் கட்டவில்லை என்று கேட்டேன்.

அவர் தலையில் இருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னார். “இப்ப அந்தக் கம்பெனிப் புள்ளகிட்ட எத்தன கேள்வி கேட்டீங்க? எங்கிட்டயும் எப்பவும் அப்படித்தானுங்க கேப்பீங்க. செவப்பு லைட்டு எரியுதா, பச்சை எரியுதா, ராத்திரி மழை பேஞ்சுதா, வயர எலி கடிச்சிருக்குதான்னு. ஊட்டுல உக்காந்துட்டு எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன். இன்னைக்கு நீங்க ஒரு கேள்வியும் கேக்கல. கேக்காம ஆமான்னீங்க. செரி, நாம சொன்னது தம்பி காதுல உழுகல போல, அவரு வேலையில இருக்கறாருன்னு உட்டுட்டேன்.”

குத்திக் காட்டுகிற தொனி துளிகூட இல்லை. ஆமாங்க அக்கா, காதில் வாங்கவே இல்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டேன். தெரியுங்க தம்பி என்றார். தறி நிற்கிறது, சாயங்காலத்துக்குள் நெய்து முடித்துத் தறியிலிருந்து சேலையை அறுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒவ்வொன்றாக இரண்டு தறியும் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் கடையைத் திறந்து உட்கார்ந்து, அந்த வாரம் எனக்கு வந்த போன்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிட்டேன். அவர்களில் எத்தனை பேருக்கு இப்படிக் கேட்காமல் ஆமாம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நல்லவேளையாக யாரும் எதிலும் மாட்டியிருக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், டி.வி. நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குக் கூப்பிட்டாய் என்று சலித்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை அக்கா தறியை வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போய் டிஷ்ஷை முன்பக்கச் சுவருக்கு மாற்றிக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். அதெப்படிங்க என்று வற்புறுத்தி என் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

இன்றைக்கும் மாடியில் நிற்கும்போது போன் வந்தால், கீழே இறங்கிக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சில பேருக்குக் கோபம்கூட வருகிறது. எட்டு வருடமாக நான் பேசிய பேச்சை அந்த அக்கா அத்தனை கவனமாகக் கேட்டிருக்கிறார், அவர் பேசியதை நான் அரை நிமிடம் கேட்கவில்லை என்பது மட்டும் ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் மனதில் உறுத்துகிறது.