இறாலைப் பிடித்தது நான்தான்

இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நினைத்தாலும் உடம்பு சூடாகிறது. "ஒரு இறாலுக்குப் போய் இவ்வளவு கோபமா, விட்டுத் தள்ளுங்க சிஸ்டர்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நான் விட்டுத் தள்ளவில்லை. தள்ளும் எண்ணமும் இல்லை.

நாங்கள் மூன்று பேர். நான் எங்கள் ஊர் கூலாயில் ஓர் ஆரம்பப் பள்ளி அலுவலகத்தில் ரெஜிஸ்டர் எழுதும் கிராணி வேலை பார்க்கிறேன். இன்னொருத்தி என்னோடு பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள், அரசாங்க கிளினிக்கில் தாதி. தாதி என்பதால் ஊரே அவளை மிஸி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். மூன்றாமவள் எங்கள் இருவரையும்விட இளையவள். அண்ணனோடு சேர்ந்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை நடத்தும் முஸ்லிம் பெண். கடையில் அவள் வாயே திறக்க மாட்டாள், அண்ணன்தான் பேசுவார். படகில் அவள் எங்கள் இருவரையும் பேசவிட மாட்டாள்.

ஆற்று இறால் பிடிக்கும் பைத்தியத்தைத் தொடங்கி வைத்தது மிஸி. ஆற்றங்கரை ஊரான கோத்தா திங்கியில் படகு வைத்திருக்கும் மலாய்க்காரர் ஒருவருக்குக் காலில் சர்க்கரைப் புண். மாதக்கணக்கில் அவருக்குக் கட்டுப் போட்டது இவள். புண் ஆறியதும், ஒருநாள் ஆற்றுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். இவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அன்று நான் பிடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் என் சுண்டுவிரல் நீளம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்ததில்லை.

மீன் மாதிரி இல்லை ஆற்று இறால். மீன் கவ்வும், இழுக்கும். இறால் புழுவை முதலில் நீலக் கொடுக்கால் தொட்டுப் பார்க்கும். பிறகு பிடித்துக்கொண்டு, ஒரு கள்ளனைப் போல, மெல்ல நடந்து போகும். தூண்டில் நுனி லேசாக வளையும். அப்போது வெடுக்கென்று இழுத்தால் போச்சு. அது நடக்கட்டும், தின்னட்டும் என்று விட்டுவிட்டு, கனம் கைக்குத் தெரியும்போது மெதுவாகத் தூக்க வேண்டும். படகில் வீட்டுப் பேச்சு கூடாது என்று மிஸி ஒரு சட்டம் போட்டிருந்தாள். மாமியாரைப் பற்றி அதிகம் பேசியதும் அவள்தான்.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைப் பாலத்தில் நெரிசலில் நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தூக்கம் வேண்டும், அதை நான் குறை சொன்னதில்லை. சில நாள் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மர நிழலில் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். தண்ணீர் என்றாலே அவருக்குப் பயம். ஒருமுறைகூடப் படகில் ஏறியது கிடையாது.

தூண்டில் பிரியர்களின் வாட்சாப் குழு ஒன்றில் நாங்கள் மூவரும் இருந்தோம். பெரும்பாலும் குளுவாங், ரெங்கம், கூலாய் பக்கத்து ஆண்கள். அவர்கள் கோத்தா திங்கியில் இறால் பிடிக்கும் போட்டி வைத்தார்கள். எடை அதிகமுள்ள ஒற்றை இறாலுக்குக் கோப்பை. பதிந்துகொள்ளப் போனபோது மேசையில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும், "பேமிலியா சிஸ்டர்? சாப்பாடு பின்னால இருக்கு" என்று மூன்று பச்சைச் சீட்டுகளை நீட்டினார்.

"நாங்க போட்டிக்கு வந்திருக்கோம்" என்றாள் மிஸி.

"ஓ, அப்படியா? ஓகே லா" என்று சிரித்தார். எங்கள் பெயர்களைக் கேட்டார். அன்றும் எங்களைக் கொண்டுவந்து விட்ட என் கணவர் காரில் இருப்பதைப் பார்த்து என்னிடம் மட்டும், "சார் பேரு?" என்றும் கேட்டார். கார் நிறுத்துவதற்காகக் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லித் தொலைத்தேன்.

அன்று காலை முழுவதும் ஒன்றும் கடிக்கவில்லை. கடல் ஏற்றத்தில் ஆற்று நீர் ஏறி நின்ற நேரத்தில் மிஸிக்கு இரண்டு, இளையவளுக்கு மூன்று, எல்லாம் நடுத்தரம். நீர் திரும்பத் தொடங்கியபோது என் தூண்டில் நுனி அசைந்தது. அசைந்து நின்றது. திரும்ப அசைந்தது. "அக்கா, இழுத்துடாதீங்க" என்று இளையவள் குசுகுசுத்தாள். நான் மூச்சைக்கூட விடவில்லை. தூண்டில் நரம்பு படகுக்கு அடியில் போனது, வெளியே வந்தது. கனம் தெரிந்ததும் தூக்கினேன். ஏதோ மூழ்கிய கட்டையில் மாட்டிக்கொண்டது போல இருந்தது. பிறகு அந்தக் கட்டை பின்பக்கமாக உதைத்தது. மேலே வந்தபோது கொடுக்கு மட்டுமே என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். வலையை நீட்டிய மிஸி, "அலமாக்!" என்று கத்தினதில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கட்டை விரலில் அது கிள்ளின தழும்பு இன்னும் இருக்கிறது.

எடைத் தராசில் வைத்தபோது கூட்டம் கூடிவிட்டது. அதுவரை முதலிடத்தில் இருந்த இறாலைவிட இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

"யாரு புடிச்சது?"

"நான்."

எடை போட்டவர் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார். "சார் எங்க?"

"கார்ல தூங்குறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

பரிசளிப்பில் முதல் பரிசு என்று சொல்லி என் கணவரின் பெயரைப் படித்தார்கள். யாரோ ஓடிப்போய் அவரை எழுப்பினார்கள். கசங்கிய சட்டையும் செருப்புமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். இதோ சொல்லப் போகிறார், என் மனைவி பிடித்தது என்று சொல்லி என்னைக் கூப்பிடப் போகிறார் என்று காத்திருந்தேன். முகத்தைக்கூடத் துடைத்துக்கொண்டேன். அவர் அங்கேயே தன் பெயரைப் பொறித்துக் கொடுத்த கோப்பையை வாங்கினார். போட்டோவுக்கு நின்றார். மைக்கைக் கையில் கொடுத்ததும், "பொறுமைதாங்க முக்கியம்" என்றார்.

பொறுமையாம்!

"ஏய், அவ புடிச்சது லா!" என்று மிஸி நாற்காலிமேல் ஏறிக் கத்தினாள். அதற்கும் சிரித்தார்கள். பாட்டை உரக்க வைத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பழக்கதோஷம். கணவர் மேடையில் நின்றால் மனைவி கை தட்டுவாள். புழு நாற்றம் போகாத அந்த இரண்டு கைகளை நினைத்தால் மற்ற எல்லாரையும்விட என்மேல்தான் எனக்கு அதிகம் எரிகிறது.

திரும்பும் வழியில் காரில் நான் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"தூக்கத்துல எழுப்பினாங்க. மேல ஏத்தி மைக்கக் குடுத்துட்டாங்க. நான் என்ன சொல்றது?"

"என் வைஃப் புடிச்சான்னு சொல்றது."

"அவ்வளவு பேரு முன்னாடியா? நடத்துறவங்களுக்கு வெக்கமா போயிடாதா?"

"அவங்களுக்கா?"

பின் சீட்டிலிருந்து இளையவள் மெல்லிய குரலில் கேட்டாள். "அண்ணே, இறாலுக்கு எத்தன கொக்கி கட்டுவோம்?"

சாலையைப் பார்த்தபடி, "ஒண்ணு" என்றார்.

"ரெண்டு" என்றாள்.

கூலாய் வரும்வரை அவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்கவில்லை.

அன்று மாலையே குழுவில் போட்டோ வந்துவிட்டது. என் இறாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் கணவர். அதற்குக் கீழே நான் எழுதினேன்: இது நான் பிடித்தது, தயவுசெய்து திருத்துங்கள். நான்கைந்து கட்டை விரல்கள் வந்தன. ஒருவர், "குடும்பத்துல யாரு புடிச்சா என்ன சிஸ்டர்" என்றார். ஏற்பாட்டாளர் குரல் பதிவு அனுப்பினார். அடுத்த வருடம் பெண்களுக்குத் தனிப் பிரிவு வைக்கிறார்களாம், பரிசு ரைஸ் குக்கராம். இந்த வருடம் ஆண் பெண் எல்லாரிலும் பெரிய இறாலைப் பிடித்தவளுக்கு எதற்குத் தனிப் பிரிவு என்று எழுதினேன். மறுநாள் காலை பார்த்தால் என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

நீக்கியதோடு விட்டிருக்கலாம். என் கணவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வேலை முடிந்து வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போனைக் காட்டினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து வெகு நேரம் எதையோ தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார். 'இறாலைப் பிடித்தது என் மனைவி. நான் காரில் தூங்கிக்கொண்டிருந்தேன். கோப்பையில் அவர் பெயரைப் போடவும்.' அனுப்பிவிட்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. "அண்ணி பக்கத்துல நிக்கிறாங்களா அண்ணே?" "இன்னிக்கு வீட்ல சோறு இல்லையா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் உண்மையச் சொல்றேன், சிரிக்கிறானுங்க பாரு."

"ம்."

"ஒருத்தன்கூட நம்பல."

"எனக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார். அன்று இரவு குழுவிலிருந்து விலகினார். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அதை நான் குறித்துத்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் கோப்பையை எடுத்துக்கொண்டு ஏற்பாட்டாளரின் டயர் கடைக்குப் போனோம். அவர் எழுந்து நாற்காலி போட்டார், குடிக்கத் தேத்தாரே வாங்கிவரச் சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "பேரு பொறிச்சாச்சு சிஸ்டர், இனிமே எப்படி மாத்துறது? ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா என் பேரையே போட்டிருக்கலாமே" என்றேன்.

அவர் சிரித்தார். மிஸி கோப்பையை அவர் மேசைமேல் டொக்கென்று வைத்தாள். "பேர மாத்தினதும் போன் பண்ணுங்க. வந்து எடுத்துக்கிறோம்." தேத்தாரே வருவதற்குள் கிளம்பிவிட்டோம்.

இதுவரை போன் வரவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது உள்ளே தெரியும். கோப்பை அதே மேசையில் இருக்கிறது, பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் என் கார் டயர் தேய்ந்துவிட்டது என்று கணவர் சொன்னார். அந்தக் கடை எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். நான் அடுத்த ஊர் செடெனாக் வரை ஓட்டிக்கொண்டு போய் மாற்றிவந்தேன்.