பக்கத்துக் காம்பராவில் சந்திரன்

என் தம்பியின் ஜாதகத்தில் சூரியனும் சந்திரனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். என் ஜாதகத்தில் ஒருவர் இந்தக் கோடி, மற்றவர் அந்தக் கோடி. ராகலை பஜாரில் சாத்திரக்காரர் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. அதுவரை நான் பௌர்ணமிப் போயாவில் பிறந்தவள் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள். நான் பிறந்த அன்றைக்கு நாட்டுக்கே லீவு. அமாவாசையில் பிறந்தவனுக்கு என்ன உண்டு என்று அவனைச் சீண்டுவேன்.

அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு வருவார், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருவார், அவ்வளவுதான். அந்த வருடம் அம்மா தனியாக வேறொரு சாத்திரக்காரரிடம் ஒரு தடவை போய்வந்திருந்தாள். பிறகு தீபாவளிக்கு வந்த அப்பாவை, தம்பிக்குச் சளி விடவே இல்லை, ஜாதகம் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இழுத்துப் போனாள். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து.

தம்பி பிறந்தது காலை ஆறு பத்துக்கு என்று அம்மா சொன்னாள். சாத்திரக்காரர் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கி, "புது நேரமா, பழைய நேரமாம்மா?" என்று கேட்டார். தம்பி பிறந்த காலத்தில் கரண்டை மிச்சப்படுத்த நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். பிறகு பழையபடி ஆக்கிவிட்டார்கள். கிரகங்களுக்கு இந்த உத்தரவெல்லாம் செல்லாது என்பதால் இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு அரை மணியைக் கழித்துத்தான் ஜாதகம் கணிக்க வேண்டும்.

"கழிச்சுத்தாங்க சொல்றேன் சாமி" என்றாள் அம்மா.

அவர் கட்டம் போட்டார். பன்னிரண்டு வீடு. வரிசை வீடான எங்கள் லயத்திலும் குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பராதான், அதனால் எனக்குச் சுலபமாக விளங்கியது. "சூரியன் அப்பா, சந்திரன் அம்மா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல நிக்கிறாங்க. புள்ளைக்குப் பன்னெண்டு வயசு ஆகுற வரைக்கும் தாயும் தகப்பனும் ஒரே கூரையில இருக்கணும். பிரிஞ்சா புள்ளை தாங்காது."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு என்ன என்று நான் கேட்டேன். அவர் என் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஒனக்கு எதிரும் புதிருமா நிக்கிறாங்க. நீ தனியா நின்னே சமாளிச்சிருவ." எனக்காக யாரும் ஒரே கூரையில் இருக்கத் தேவையில்லையாம்!

அப்பா கொழும்புக்குப் போகவில்லை. முதலாளிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் கரட் பிடுங்கப் போனார். சாயந்தரம் வந்ததும் தம்பிக்கு இருமலா, காய்ச்சலா என்றுதான் முதல் கேள்வி. அவனைத் தோளில் தூக்குவார், அவனுக்குக் காதை மூடித் துண்டு கட்டுவார். நான் வேண்டுமென்றே இருமினேன். "தண்ணி குடி" என்றார். அம்மா மட்டும் அப்பா வீட்டோடு இருந்த அந்த மூன்று மாதமும் ஆளே மாறிப்போயிருந்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். அதுவும் தம்பியின் யோகத்தைக் கொண்டாடத்தான் என்று நினைத்து, அவளிடமும் கடுகடுவென்று இருந்தேன்.

ஒரு நாள் தகரப் பெட்டியைக் கிண்டியபோது தம்பி பிறந்த ஆஸ்பத்திரி அட்டை அகப்பட்டது. நேரம் ஆறு பத்து. அதேதான்! ஆஸ்பத்திரிக் கடிகாரம் அப்போது புது நேரத்தில்தானே ஓடியிருக்கும்? அப்படியானால் அம்மா அரை மணியைக் கழிக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஜாதகத்தைக் கொப்பியில் முழுசாக எழுதி வாங்க எல்லோரும் மறுபடி ராகலைக்குப் போன நாளில், பாவாடை மடிப்பிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். "அம்மா தப்பா சொல்லிட்டாங்க சாமி. இது புது நேரம்." அம்மா என் கையைப் பிடித்தாள். அதற்குள் அவர் அட்டையை வாங்கிவிட்டார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, பழைய கட்டத்தை அடித்தார்.

"அமாவாசை என்னமோ அமாவாசைதான். ஆனா சந்திரன் இன்னும் சூரியன் வீட்டுக்கு வரல. பக்கத்து வீட்லதான் நிக்கிறான்."

"அப்ப நான் கொழும்புக்குப் போகலாமா சாமி?" என்றார் அப்பா.

தாராளமாகப் போகலாம் என்றார் அவர். மூன்று மாதத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "என் புள்ள கெட்டிக்காரி" என்று என் தலையைத் தடவினார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு மட்டும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார், தம்பி பார்த்துக்கொண்டிருக்க. அட, அந்த ருசி! வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அம்மாவுக்குப் பாதியை நீட்டினேன். "நீயே சாப்பிடு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் மகனின் யோகம் போய்விட்ட கடுப்பு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அப்பா போனார். அடுத்த தீபாவளிக்கு வந்தார். அதற்கடுத்த தீபாவளிக்குத் துணி மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

அம்மா ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவசரத்தில் அரை மணியை மறந்துவிட்டாள், நான் திருத்தினேன், அவ்வளவுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். புது நேரம் இருந்த அத்தனை வருடமும் எங்கள் வீட்டுக் கடிகாரத்தை மட்டும் மாற்ற விடாதவள் அம்மா. பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் தினமும் மனதிலேயே அரை மணியைக் கூட்டி என்னை அனுப்பியவள் அவள்தான். அவளுக்கா கழிக்கத் தெரியாது?