பெட்டிபோன் அவர்களின் மரண அறிவித்தல்

மெல்பர்னில் இன்று உயிரோடு இருக்கும் தமிழ் நகைச்சுவை எழுத்தாளர்களில் முதலிடம் எனக்குத்தான். இரண்டாமிடம் காலியாக இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் இரண்டு வருடமாக எழுதுகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன்... இது நடந்தது. போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெல்பர்னின் புறநகர் ரோவிலில். மாலை 6:30க்கும் 7:00க்கும் நடுவில்.

நான் யோகா அன்ரி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். நான் ஈரோடு, அவர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. கார் நிற்க வேண்டிய கராஜில் ஒரு மைக், ஒரு மிக்ஸர், ஒரு ஹீட்டர் வைத்து ஞாயிறுதோறும் அரை மணி நேரம் இணைய வானொலி நடத்துகிறார். பாட்டு, கோயில் செய்தி, மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார். அதுவரை சரி. அதற்கு அடுத்துத்தான் அமெரிக்காக்காரர்கள் வருவார்கள்.

பழைய அமெரிக்க டிவித் தொடர்களில் நடித்தவர்கள், எழுதியவர்கள், கேமரா தள்ளியவர்கள், உடுப்புத் தைத்தவர்கள். யார் இறந்தாலும் அன்ரி அதே வாசகத்தில் வாசிப்பார். முப்பத்தோராம் நாளுக்கு மறுபடியும் ஒரு நினைவஞ்சலி.

"அன்ரி, நியூ ஜெர்சியில செத்த லைட்மேனுக்கு ரோவில்ல எதுக்கு ஒப்பாரி?"

"நான் தொண்ணூற்றிரண்டில வந்தனான் தம்பி. ஃபக்டரி வேலை முடிஞ்சு வந்து டிவியைப் போட்டால் அவைதான் என்னோட கதைச்சவை. வேற ஒருத்தரும் கதைக்கேல்லை."

இதைக் கேலி செய்து பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதினேன். அன்ரி படித்தார். "உம்மட பகிடிக்கு உம்மைத் தவிர ஆரும் சிரிச்சவையோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு அன்ரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. "நீர் வாசியும்," என்று தாளைத் தந்துவிட்டுச் சுடுதண்ணி வைக்கக் குசினிக்குப் போனார்.

அமெரிக்காக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நான் நான்காவதாக ஒருவரைச் சேர்த்தேன். அந்த நிமிடம் என் மண்டையில் உண்டான பெயர். நிகழ்ச்சிப் பக்கத்தில் பெயர்களை ஆங்கிலத்திலும் போடுவது அன்ரியின் வழக்கம். அதிலும் தட்டினேன். பிறகு வாசித்தேன்.

"ஒஹாயோவைப் பிறப்பிடமாகவும், தொலைக்காட்சியை வதிவிடமாகவும் கொண்ட, நாடக நகைச்சுவைகளுக்குப் பின்னால் டேப்பிலிருந்து சிரிப்பொலி போட்டுவந்த லாய்ட் பெட்டிபோன் அவர்கள் இன்று இறைவனடி சேர்ந்தார்."

மணி 6:41.

ஹெட்போனில் சிரிப்பு. ஒரு கூட்டமே சிரிப்பது போல. பழைய டேப்பில் வரும் கரகரப்பு அதன் பின்னால். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

பாட்டைப் போட்டேன். பாட்டுக்குள்ளும் சிரிப்பு. ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது. சிரிப்பு நிற்கவில்லை...

6:46. நேயர்கள் கூப்பிடும் ஃபோன் அடித்தது. திரையில் நம்பர் இல்லை.

ஒரு கிழவர். அமெரிக்க ஆங்கிலம். மூச்சு வாங்கியது.

"பெட்டிபோன் பேசுகிறேன். என் பெயரை வாசித்தீர்கள்."

"ஆமாம் சார்."

"நான் இருக்கிறேனே..."

என் வகுப்பு கௌரிசங்கர்தான், வேறு யார்? நகரத்தின் மறுகோடியில், கிரெய்கிபர்னில் இருக்கிறான். குரல் மாற்றுவதில் கில்லாடி. விடுவேனா?

"மன்னிக்கணும் சார். ரேடியோவில் சொல்லியாச்சு."



"அப்படியா," என்றார். "எனக்குத் தெரியாமல் போயிற்றே."

வைத்துவிட்டார். உடனே கௌரிசங்கரைக் கூப்பிட்டேன்.

"டேய், ஷிஃப்ட்ல இருக்கேன்டா. சீக்கிரம் சொல்லு." பின்னால் சூப்பர் மார்க்கெட் ட்ராலிகளின் சத்தம்.

கராஜ் கதவு திறந்தது. அன்ரி. குசினியில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆர் அந்த பெட்டிபோன்?" காற்றுக் குரலில் கேட்டார். "என்ட தாளில இல்லை."

நான் இட்டுக்கட்டிய பெயர் என்பதையும், அவரே கூப்பிட்டதையும் சொன்னேன்.

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். "ஊரில ஒருக்கா, செத்தவையின்ட பட்டியலில உயிரோட இருந்த பெடியன்ட பேரையும் வாசிச்சிட்டன். தாய் கேட்டுக்கொண்டு இருந்தவ." மைக்கைக் காட்டினார். "திருத்தம் வாசியும். ஏழுக்கு லைன் போயிடும். கெதியா!"

6:53. பாட்டை நிறுத்தி மைக்கைத் திறந்தேன்.

"சற்றுமுன் வாசித்த அறிவித்தலில்..."

சிரித்தார்கள்.

"அவர்... உயிரோடு..."

இன்னும் பலமாக. கைதட்டல் வேறு. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏன் வாயை மட்டும் அசைக்கிறீர்? வாசியும்!"

அன்ரிக்குச் சிரிப்பு கேட்கவில்லை. என் குரலும் கேட்கவில்லை.

மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். காற்று. வெறும் காற்று.

6:58.

கத்தினேன்.

6:59.

அந்தப் பெண் மட்டும்...

7:00. லைன் போனது.

பதினொரு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒஹாயோவிலிருந்து ஒரு பெண். இறந்துபோன அப்பாவின் பெயரை இணையத்தில் தேடினாராம். ஒரே ஒரு இடத்தில்தான் கிடைத்ததாம். எங்கள் நிகழ்ச்சிப் பக்கத்தில். நான் நீக்க மறந்திருந்தேன்.

லாய்ட் பெட்டிபோன். வயது தொண்ணூற்றொன்று. முப்பது வருடம் டிவி நாடகங்களுக்குச் சிரிப்பொலி போட்டவர். எந்த நாடகத்தின் முடிவிலும் அவர் பெயர் ஓடியதில்லை. முதியோர் இல்லத்தில், அந்த ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்கு இறந்திருக்கிறார். அங்கே 5:00 என்றால் இங்கே மாலை 7:00.

நோய் ஒன்றுமில்லை. 4:50க்கு நர்ஸ் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். "ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்," என்றாராம். கண்ணாடியைக் கழற்றி நர்ஸ் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாராம்.

அந்த அறையில் ரேடியோ இல்லை. ஃபோனும் இல்லை.

அப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார் மகள். நான் இன்னும் பதில் போடவில்லை.

அன்ரிக்குக் குரல் எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் பெட்டிபோனின் முப்பத்தோராம் நாளை ஒட்டி வந்த ஞாயிறு, அவர் கையிலிருந்த தாளை நான் வாங்கிக்கொண்டேன்.  அன்ரி கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். மைக்கைத் திறந்தேன். ஊரையும் பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டு, ஓர் எழுத்து பிசகாமல், மெதுவாக வாசித்தேன்.