அப்பாவின் சிலேட்டில் முதல் இடம்

நினைவு மலரில் நன்றி கடைசிப் பக்கத்தில் வருவதுதான் வழக்கம். நான் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கடைசிக் காலத்தில் சிதம்பரத்தில் தன் வீட்டில் வைத்துக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைத்த என் தங்கைக்கு முதல் நன்றி. அவளுக்குத் துணை நின்ற மாப்பிள்ளைக்கும், ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாளுக்கும், மஞ்சக்குப்பம் அலுவலக நண்பர்களுக்கும் அடுத்து. ஏன் மாற்றி வைத்தேன் என்பது படித்தால் விளங்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு, ஆடி மாதத்தில், திட்டக்குடிக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். பள்ளிச் சான்றிதழில் வேறு மாதம் இருக்கிறது. உறவினர்கள் குழம்ப வேண்டாம், ஜாதகத்தில் உள்ளதே சரி. சிறு வயதில் தந்தையை இழந்து பெரியப்பா வீட்டில் வளர்ந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்குச் சோறு. இதை எங்களிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, அதுதான் முறை என்பதைப் போலச் சொன்னார்.

சிதம்பரத்தில் படித்தபோது அவருடைய அறைத்தோழர் புதுச்சேரிக்காரர். அந்த நண்பரின் தந்தை பிரெஞ்சுப் படையில் வியட்நாமின் சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பியபோது ஒரு சாவி கிராமபோனும் ஒரு பெட்டி அமெரிக்க இசைத்தட்டுகளும் கொண்டுவந்திருந்தார். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடியவை. அங்கே கடைகளில் ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப்பெட்டி நிற்கும். காசு போட்டால் கேட்ட பாட்டு ஒலிக்கும். எந்தப் பாட்டு அதிகம் ஓடியது என்று வாரந்தோறும் பத்திரிகையில் வரிசை போடுவார்கள். நண்பர் அந்தத் தட்டுகளையும் கிராமபோனையும் அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு வேலையில் சேர்ந்த பின்பு, சென்னைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி அந்தப் பத்திரிகைகளையும் அப்பா வாங்கிச் சேர்த்தார். 1949இல்தான் அந்த வரிசைக்கு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயர் வந்தது. அதுவரை ‘இனப் பாட்டு’ என்று ஒதுக்கி எழுதினார்கள். இதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் கோபம் வரும். “பாடுறவன் தோலப் பாத்துத் தனியா ஒக்கார வெச்சானுங்க” என்பார்.

அந்த வரிசையை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். கூடத்து ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கும். சனிக்கிழமை மாலை அதில் எங்கள் மூவர் பெயரையும் வரிசைப்படுத்தி எழுதுவார். முதல் இடத்தில் இருப்பவர் நாற்காலியில் அமர்ந்து தட்டைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாமவர் தரையில் உட்காரலாம். கடைசி இடம் நின்றுகொண்டு கிராமபோனுக்குச் சாவி கொடுக்க வேண்டும். முதலில் எப்போதும் அண்ணன். நடுவில் நான். தங்கைக்கு உள்ளங்கை காய்த்துப்போயிற்று. அண்ணன் முதலிடத்தில் பதினெட்டாவது வாரத்தைத் தொட்டபோது அப்பா பஜ்ஜி வாங்கிவந்தார். அமெரிக்காவிலும் ஒரு பாட்டு அத்தனை வாரம் நின்றதாம். அம்மாவின் பெயர் சிலேட்டில் வந்ததே இல்லை. கேட்டதற்கு, “பொட்டி வெச்சிருக்குற கடைக்காரி பாட்டு லிஸ்ட்ல வருவாளா?” என்றார். அம்மாவும் சிரித்தார்.

காரணம் கேட்டால், “ஜனங்க காசு போட்டாங்க” என்பார். ஜனங்கள் என்பது அவர் ஒருவர்தான்.

அப்பா லஞ்சம் வாங்கியதில்லை. யாருடைய கோப்புகளையும் மேசையில் தூங்கவிட்டதில்லை. எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

பள்ளி நாட்களில் அந்தப் பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது ஒரு வாரத்தில் இரண்டு பாட்டுகள் முதல் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்ததைக் கண்டேன். அப்பாவிடம் காட்டினேன். “ரெண்டுக்கும் ஒண்ணுன்னு போட்டிருக்கான்பா. அண்ணனுக்கும் பாப்பாவுக்கும் ஒரு வாரம் அப்புடிப் போடேன்.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவன் யாவாரி, போடுவான். நான் அப்பன்” என்றார். தங்கை பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

அம்மா மறைந்த பின் அப்பா கடலூர் வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அண்ணன் கனடாவில் இருந்தார், நான் ஓசூரில். பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே தங்கை அவரைத் தன்னோடு அழைத்துப்போனாள். வேட்டி, மாத்திரைகளோடு சிலேட்டும் போயிற்று. அங்கேயும் சனிக்கிழமை தவறவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும் அண்ணன் முதலில், நான் இரண்டாவது, மலச்சட்டி எடுப்பவள் கடைசி.

நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை அவள் சாக்பீஸை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏம்பா, ஜாஸ்தியா கேக்குற பாட்டுதான மொதல்ல வரும்னு சொல்லுவீங்க. ஒரு நாளைக்கு எத்தினி தடவ என்னைக் கூப்புடுறீங்க? அண்ணன வாரத்துக்கு ஒரு தடவதான.”

“கூப்புட்ட ஒடனே வந்து நிக்கிறதுக்குப் பேரு பாட்டு இல்ல பாப்பா. காலிங் பெல்லு.”

மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். தங்கை சிரித்துக்கொண்டே சாதத்தைப் பிசைந்தாள்.

மாசியில் நெஞ்சுச் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். கடைசி வெள்ளிக்கிழமை மாலை நினைவு தெளிவாக இருந்தது. தங்கை குனிந்து, “நாளைக்கு சனிக்கெழமப்பா. யாரு மொதல்ல?” என்று கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார்.

“ஒங்க அண்ணன் கெளம்பிட்டானா?” என்றார்.

சனிக்கிழமை விடிவதற்குள் காலமானார். அண்ணன் ஞாயிறு வந்து சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, போனவருக்குப் பிரியமானதைப் படையலில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் ஓர் இசைத்தட்டையும் அந்தச் சிலேட்டையும் கொண்டுவந்து படத்தின் காலடியில் சாய்த்துவைத்தார். அவர் கெட்டவர் அல்ல. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் என்றுமே பார்க்க வேண்டியிருந்ததில்லை. தங்கை கும்பிட வந்ததும் ஈரத் துணியோடு கையை நீட்டினாள்.

“அழிச்சிடாத பாப்பா, அப்பா கையெழுத்து” என்றார் அண்ணன்.

அத்தை பின்னாலிருந்து, “விழுந்து கும்புடுடி, இல வாடுது” என்றார்.

தன் பெயர் அடியில் இருந்த சிலேட்டின் முன்னால் அவள் நெற்றி தரையில் படக் கும்பிட்டாள்.

முதலாண்டு நினைவுக்கான இந்தக் கட்டுரையின் அச்சுப்படியைப் போன வாரம் அவளிடம் காட்டினேன். நன்றியைக் கடைசியில் வைத்திருந்தால் அவள் பெயர் மறுபடியும் கீழே போயிருக்கும்; அதனால்தான் முதலில் வைத்தேன். முதல் பத்தியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள்.

“இது நீ போட்ட எடம்ணா. அவுரு போட்டது இல்ல.”